டிஸ்க் ஆபரேஷன் முடிஞ்சா எத்தனை நாள் படுக்கணும்? ஒரு 160 வருஷக் கதை

1/
டிஸ்க் ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தவங்களுக்கும், அவங்களைப் பாத்துக்கிற வீட்டுக்காரங்களுக்கும் இந்த இழை. கொஞ்சம் நீளம். பாதியில எந்திரிச்சு ரெண்டு நிமிஷம் நடந்துட்டு வந்து மீதியைப் படிங்க. ஏன்னு போகப் போகப் புரியும்.

2/
எப்போதும்வென்றான், எட்டயபுரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவுல இருக்கிற கரிசல் ஊர். உளுந்து, பாசி, மிளகாய், பருத்தி, மக்காச்சோளம்னு மானாவாரி வெள்ளாமை. கோவில்பட்டிப் பக்கம் போனா தீப்பெட்டி ஆபீஸ். குனிஞ்சு களையெடுக்கணும், தரையில உட்கார்ந்து பெட்டி ஒட்டணும், தள்ளுவண்டியில குடம் அடுக்கித் தண்ணி கொண்டு வரணும். இந்தப் பக்கத்துப் பிழைப்பு பூராவும் முதுகெலும்பு மேலதான் நிக்குது.

3/
இப்படிப்பட்ட ஊர்ல ஒருத்தருக்கு டிஸ்க் ஆபரேஷன் ஆச்சுன்னா ரெண்டுல ஒண்ணு நடக்கும்.

ஒண்ணு: "மூணு மாசம் அசையக் கூடாது"ன்னு கட்டில்லயே போட்டு வைக்கிறது.

ரெண்டு: பத்தாம் நாள் "கால்வலி போயிருச்சு"ன்னு குடத்தைத் தூக்குறது.

நான் பார்த்த வரைக்கும் முதல் தப்பு பெரும்பாலும் ஆம்பளைகளுக்கு நடக்குது. ரெண்டாவது, பொம்பளைகளுக்கு. அவங்க படுத்தா வீட்டுல அடுப்பு எரியாது.

4/
ரெண்டு பேரையும் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. மருத்துவமே இந்த விஷயத்தில் ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்கு ஓடி, ரொம்ப லேட்டாத்தான் நடுவுக்கு வந்து நின்னது. அப்படி வந்த வழியில நம்ம மெட்ராஸுக்கும் ஒரு பெரிய பங்கு உண்டு. அந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன்.

5/
1863. லண்டன் கைஸ் மருத்துவமனை சர்ஜன் ஜான் ஹில்டன், ஓய்வையும் வலியையும் பற்றித் தான் நடத்திய விரிவுரைகளைப் புத்தகமாக வெளியிட்டார். உடம்பு தானாகவே ஆறும், அதற்குத் தடையில்லாத ஓய்வு கொடுப்பதே வைத்தியனின் வேலை என்பது அவர் வாதம். பல தலைமுறை சர்ஜன்கள் படித்த புத்தகம் அது.

6/
அதே நூற்றாண்டில் லிவர்பூலில் ஹ்யூ ஓவன் தாமஸ். தொடை எலும்பு முறிவுக்கு இன்றும் கட்டுகிற தாமஸ் ஸ்ப்லின்ட் இவர் பெயரில் உள்ளதுதான். எலும்பு, மூட்டு நோய் எதுவானாலும் நீண்ட, இடைவிடாத, கண்டிப்பான ஓய்வு என்பது இவர் கொள்கை.

எக்ஸ்ரே இல்லை, ஆன்டிபயாடிக் இல்லை. மூட்டு சீழ் பிடித்தால் கால் போகும், உயிர் போகும். அந்தக் காலத்துக்கு அது நியாயமான யோசனைதான். ஆனால் முறிந்த எலும்புக்குச் சொன்ன அந்த வைத்தியத்தை முதுகுவலிக்கும் அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். சரியா வருதான்னு யாரும் சோதிச்சுப் பார்க்கலை.

7/
1934. அமெரிக்காவின் பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு டாக்டர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதால்தான் பலருக்குக் கால் இழுக்கிற அந்த வலி வருகிறது, பிதுங்கியதை எடுத்துவிட்டால் வலி போகும் என்று காட்டினார்கள்.

நம்ம ஊர்ல "ஜவ்வு விலகிருச்சு"ன்னு சொல்றோமே, அதுக்கு ஆபரேஷன் ஊரறிய வந்தது இதுக்கப்புறம்தான்.

8/
அந்தக் கால ஆபரேஷன் பெரிசு. முதுகில் நீளமாகத் திறந்து, எலும்பையும் நிறைய எடுக்க வேண்டும். அதனால் முடிந்ததும் வாரக்கணக்கில் படுக்கை. "முதுகு ஆபரேஷன்னா படுத்தே கிடக்கணும்" என்று நம்ம வீட்டுப் பெரியவங்க இன்னைக்கும் சொல்றது இந்தக் காலத்திலிருந்து வந்த நினைப்பு. அவங்க கண்ணால பார்த்ததைத்தான் சொல்றாங்க.

9/
இந்தியாவில் 1949ல் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். அடுத்த வருஷம் மெட்ராஸ் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி. தண்டுவட ஆபரேஷனுக்குக் கப்பலேற வேண்டாம், ரயிலேறினால் போதும் என்ற நிலைமை நம்ம ஜனங்களுக்கு அப்போதுதான் வந்தது.

10/
இதற்கு நடுவில், 1947ல், லண்டன் டாக்டர் ரிச்சர்ட் ஆஷர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். தலைப்பே படுக்கைக்குப் போவதன் ஆபத்துகள் பற்றியது. படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும், தசை இளைக்கும், எலும்பில் சுண்ணாம்பு குறையும், மலம் கட்டும், மனசும் சோர்ந்து போகும் என்று உறுப்பு உறுப்பாக அடுக்கினார்.

டாக்டர்கள் ரசித்துப் படித்தார்கள். ஆனாலும் வார்டில் கட்டில்கள் காலியாகவில்லை. வாதம் மட்டும் போதாது, நிரூபணம் வேணும்.

11/
பெரிய நிரூபணம் ஒன்று வந்தது மெட்ராஸிலிருந்து. நோய் முதுகுவலி இல்லை, காசநோய்.

அப்போது டிபி வந்தால் சானடோரியம். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை. நம்ம நாட்டில் இருந்த நோயாளிகளுக்கோ கட்டில் பத்தவே பத்தாது. அதனால் 1956ல் சேத்துப்பட்டில் ஒரு ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மெட்ராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாலும் சேர்ந்த முயற்சி. முன்னின்று நடத்தியவர் டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ்.

12/
193 ஏழை நோயாளிகள். குலுக்கல் முறையில் பாதிப் பேர் சானடோரியத்துக்கு, பாதிப் பேர் அவங்கவங்க வீட்டுக்கு. இரண்டு பக்கமும் ஒரே மாத்திரை, ஒரு வருஷம். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு குறைச்சல், இடம் நெருக்கடி, நடமாட்டம் அதிகம்.

1959ல் முடிவு வந்தது. குணமானதில் சொல்லிக்கொள்கிற மாதிரி வித்தியாசம் இல்லை. வேலை செய்தது மாத்திரை, கட்டில் இல்லை. உலகமெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த மையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

13/
"டாக்டர், டிபி வேற, டிஸ்க் வேற இல்லையா?"

வேறதான். ஆனா கேள்வி ஒண்ணுதான்: படுக்கைங்கிறது வைத்தியமா, இல்ல வைத்தியத்தோட ஒட்டிக்கிட்டு வந்த பழக்கமா? அந்தக் கேள்வி அடுத்து முதுகெலும்புக்கே வந்தது.

14/
முதுகெலும்பில் டிபி வந்தவர்களை மாவுக்கட்டுப் படுக்கையில் மாதக்கணக்கில், சில இடங்களில் வருஷக்கணக்கில் கிடத்துவது வழக்கம். கொரியாவின் மாசானில் இளம் நோயாளிகளில் ஒரு பிரிவுக்கு முதல் ஆறு மாதம் ஆஸ்பத்திரிப் படுக்கை. இன்னொரு பிரிவுக்கு முதல் நாளிலிருந்தே நடமாட்டத்தோடு மாத்திரை. 1973ல் முடிவு வெளிவந்தது. படுத்துக் கிடந்ததால் கூடுதல் பலன் இல்லை.

கிருமி அரித்த முதுகெலும்பே நடந்துகொண்டு ஆறுகிறது. யோசிச்சுப் பாருங்க.

15/
பிறகு சாதாரண முதுகுவலி. 1986, அமெரிக்காவின் டெக்சாஸ். டாக்டர் ரிச்சர்ட் டேயோ குழு 203 பேரை எடுத்தது. சிலருக்கு 2 நாள் ஓய்வு, சிலருக்கு 7 நாள். வலி குறைந்ததில் வித்தியாசம் இல்லை. 2 நாள்காரர்கள் வேலைக்குப் போகாத நாள்கள் மட்டும் 45 சதவீதம் குறைவு.

1999ல் நெதர்லாந்தில், கால் இழுக்கிற வலி உள்ள 183 பேரிடம் பார்த்தார்கள். இரண்டு வாரம் படுத்தவர்களும் படுக்காதவர்களும் 12 வாரத்தில் ஒரே நிலையில் இருந்தார்கள். ரெண்டு பக்கமும் 87 சதவீதம் பேருக்குக் குணம்.

16/
ஆபரேஷனும் சின்னதாயிருச்சு. 1977 வாக்கில் யாசர்கில், காஸ்பர் இருவரும் மைக்ராஸ்கோப் வைத்து, சின்னக் கீறலில் டிஸ்க்கை எடுக்கும் முறையை வெளியிட்டார்கள். தசை, எலும்பு சேதம் குறைந்தது. ஆனாலும் "குனியாதே, உட்காராதே, படு" பட்டியல் மட்டும் பழைய நீளத்திலேயே இருந்தது.

17/
1996ல் ஸ்டான்ஃபோர்டின் டாக்டர் யூஜின் கேரகி அந்தப் பட்டியலையே எடுத்துப் பார்த்தார். டிஸ்க் ஆபரேஷன் செய்த 50 பேரிடம், "தடை எதுவும் இல்லை, முடிந்ததும் பழைய வாழ்க்கைக்குத் திரும்புங்கள்" என்றார். சராசரியாக 1.7 வாரத்தில் வேலைக்குப் போனார்கள். பயந்த மாதிரி டிஸ்க்குகள் மறுபடி வரிசையாகப் பிதுங்கவில்லை.

18/
இங்கதான் ஒரு நிமிஷம் நில்லுங்க. இதைப் படிச்சுட்டு நாளைக்கே களையெடுக்கப் போயிராதீங்க. கலிஃபோர்னியாவில் "வேலைக்குப் போனார்"ங்கிறதும் கரிசக்காட்டுல "வேலைக்குப் போனார்"ங்கிறதும் ஒண்ணில்லை.

ஜெர்மனியில் வில்கே குழு 1999ல் ஒருவருடைய டிஸ்க்குக்குள்ளேயே கருவி வைத்து அழுத்தத்தை அளந்தது. நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல். முதுகை வளைத்து 20 கிலோ தூக்கும்போது 2.3. நாலரை மடங்கு! அதே 20 கிலோவை உடம்போடு ஒட்டிப் பிடித்து நின்றால் 1.1. ஒரே ஆளிடம் அளந்ததுதான், ஆனாலும் திசை தெளிவு. தண்ணி நிறைஞ்ச குடம் 15 கிலோவுக்குக் குறையாது.

19/
டிஸ்க் ஏன் மெதுவா ஆறுது? பதில் கோயம்புத்தூரில் இருக்கு. டிஸ்க்குக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது. மேலும் கீழும் இருக்கிற எலும்பின் தகடு வழியாகச் சத்து ஊறித்தான் உள்ளே போகணும். கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழு ஊசி மருந்து செலுத்தி, மணிக்கணக்கில் தொடர்ந்து எம்.ஆர்.ஐ. எடுத்து இந்த ஊறலைப் படம்பிடித்துக் காட்டியது. 2004ல் அதற்கு முதுகெலும்பு ஆராய்ச்சிக்கான சர்வதேசப் பரிசு கிடைத்தது.

கரிசல்ல மழை விழுந்து அடிமண் வரைக்கும் ஈரம் இறங்கப் பொறுமை வேணும்ல, அது மாதிரி. பதம் வராத காட்டுல நாம ஏர் கட்டுறதில்லை.

20/
ஆக, படுத்தாலும் ஆகாது, பாரம் தூக்கினாலும் ஆகாது. அப்போ எவ்வளவு செய்யணும், எவ்வளவு நிறுத்தணும்?

எல்லாரும் சொல்ற பதில்: "வலிக்கிற வரைக்கும் செய்யுங்க, வலிச்சா நிறுத்துங்க." கேக்க நியாயமாத்தான் இருக்கு. இதுல ஒரு பொறி இருக்குன்னு கண்டுபிடிச்சவர் டாக்டர் இல்லை, ஒரு மனவியலாளர்.

21/
அமெரிக்காவின் சியாட்டிலில், வில்பர்ட் ஃபோர்டைஸ். 1960கள், 70களில் நாள்பட்ட வலிக்காரர்களைக் கவனித்தார். நல்ல நாளில் இருக்கிற வேலையெல்லாம் இழுத்துப் போட்டுச் செய்கிறார்கள். வலி ஏறுகிறது. இரண்டு நாள் படுக்கிறார்கள். குறைகிறது. விட்ட வேலையெல்லாம் சேர்த்து மறுபடி செய்கிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் செய்ய முடிகிற அளவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. வேலை என்றால் வலி, படுக்கை என்றால் நிம்மதி என்று உடம்பு பாடம் படித்துவிடுகிறது.

22/
அவர் செய்த மாற்றம் எளிமையானது. நிறுத்தச் சொல்வது வலியாக இருக்கக் கூடாது, கடிகாரமாக இருக்கணும். நடை இத்தனை நிமிஷம், ஓய்வு இத்தனை நிமிஷம், மாத்திரை இத்தனை மணிக்கு. நல்லா இருந்தாலும் அவ்வளவுதான், கொஞ்சம் வலித்தாலும் அவ்வளவுதான்.

1986ல் புதிதாக முதுகுவலி வந்த 107 பேரிடம் இரண்டு முறையையும் ஒப்பிட்டார். ஒரு பிரிவுக்கு வலியைப் பார்த்து மருந்தும் பயிற்சியும், இன்னொரு பிரிவுக்கு நேரத்தைப் பார்த்து. ஒரு வருஷம் கழித்து, நேரக் கணக்குப் பிரிவு நல்ல நிலையில் இருந்தது.

23/
அமெரிக்க ஜனாதிபதி கென்னடி கதையும் இதேதான். 1944லிருந்து முதுகில் நாலு ஆபரேஷன். 1954ல் வைத்த உலோகத் தகட்டைக் கிருமித் தொற்றால் அடுத்த வருஷம் எடுத்தார்கள். இடுப்புப் பட்டை, ஊசி என்று காலம் போனது. 1961ல் ஹான்ஸ் க்ராஸ் என்ற டாக்டர் வந்து, வாரத்துக்குச் சில நாள் அளவான உடற்பயிற்சி தொடங்கிவைத்த பிறகுதான் நல்ல முன்னேற்றம். உலகத்திலேயே பெரிய பதவியில் இருந்தவருக்கும் கடைசியில் கைகொடுத்தது காசு செலவில்லாத வைத்தியம்.

24/
சரி, இதை நம்ம ஊர்ல எப்படிச் செய்யுறது? முதல்ல: உங்க சர்ஜன் சொன்ன கணக்குதான் முதல் கணக்கு. ஸ்க்ரூ வச்சு எலும்பைச் சேர்க்கிற ஆபரேஷன்னா விதியே வேற. கீழ சொல்றது டிஸ்க்கை மட்டும் எடுத்த, சிக்கல் இல்லாத ஆபரேஷனுக்கு.

25/
நடை: கரண்டு கம்பம்தான் உங்க அளவுகோல். மூணு நாள், வலி கூடுற வரைக்கும் எத்தனை கம்பம் நடக்க முடியுதுன்னு எண்ணுங்க. 8, 10, 12ன்னு வந்தா சராசரி 10. ஆரம்பிக்கிறது 8ல. போக வர எல்லாம் சேர்த்துத்தான் 8. காலை, மதியம் வீட்டுக்குள்ள, சாயங்காலம்னு மூணு நேரம். மூணு நாலு நாளைக்கு ஒரு கம்பம் கூட்டுங்க. 8வது கம்பத்துல "இன்னும் போகலாம் போல இருக்கே"ன்னு தோணும். அப்பத் திரும்புங்க. அதுதான் இதுல கஷ்டமான பகுதி.

வெயில் ஏறுறதுக்குள்ள காலை நடை முடியட்டும்.

26/
உட்காருறது: 20 நிமிஷத்துக்கு ஒருதடவை எந்திரிங்க. செல்போன்ல அலாரம் வைங்க. தரையில உட்கார்ந்து செய்யுற தீப்பெட்டி வேலைக்குத் திரும்பும்போது, முதல்ல அரை நாள், அதுவும் ஸ்டூல் போட்டு.

வீட்டு வேலை: பாத்திரம், துணி, கூட்டுறது மூணையும் ஒரே மூச்சா முடிக்காதீங்க. நடுவுல பத்து நிமிஷம் படுங்க. வலி வர்றதுக்கு முன்னாடி படுக்கிற பத்து நிமிஷம், வந்தப்புறம் படுக்கிற ரெண்டு நாளை மிச்சப்படுத்தும்.

தண்ணி: முதல் சில வாரம் நிறைகுடம் கூடாது. தள்ளுவண்டியும் கூடாது. அது வீட்டுல இருக்கிற மத்தவங்க பொறுப்பு. மகனும் தூக்கலாம், வீட்டுக்காரரும் தூக்கலாம்.

27/
மோசமான நாள் கட்டாயம் வரும். அன்னைக்கு அளவைப் பாதியாக்குங்க, பூஜ்யமாக்காதீங்க. 8 கம்பம்னா 4. ரெண்டு நாள்ல பழைய அளவுக்கு வாங்க. மறுநாள் காலைல வலி பழைய நிலைக்கு இறங்கியிருந்தா, டிஸ்க் மறுபடி பிதுங்கிருச்சுன்னு பயப்பட வேண்டாம். ஆறுற தசையும் நரம்பும் முணுமுணுக்கத்தான் செய்யும். கால் மரமரப்பு போக மாசக்கணக்கு ஆகலாம். அது மட்டும் இருந்தா ஆபரேஷன் தோத்துப் போச்சுன்னு அர்த்தமில்லை.

28/
மாத்திரை: ஆரம்ப நாள்ல டாக்டர் எழுதினதை மணி பார்த்துப் போடுங்க. வலி உச்சத்துக்குப் போற வரைக்கும் தாங்கிட்டு அப்புறம் ரெண்டா முழுங்காதீங்க. "இன்னைக்கு வேலை ஜாஸ்தி"ன்னு முன்கூட்டியே ஒண்ணு கூடப் போடாதீங்க. அது வலியை மறைக்கும், பாரத்தைக் குறைக்காது. கடையில காகிதத்துல மடிச்சுத் தர்ற செட் மாத்திரை வேண்டவே வேண்டாம். ஸ்டீராய்டு இருக்கலாம். வெயில்ல தண்ணி குடிக்காம வலி மாத்திரை தொடர்ந்து போட்டா கிட்னி போகும். சுகர், பிரஷர் இருந்தா இன்னும் சீக்கிரம்.

29/
இதெல்லாம் வந்தா கம்பம் எண்ண வேண்டாம், அன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரி:
• ஒண்ணுக்கு வராம அடைக்குது, அல்லது தெரியாமப் போகுது
• உட்காருற இடம், தொடை இடுக்கு மரத்துப் போகுது
• பாதம் தூக்க முடியல, செருப்பு கழண்டு விழுது
• காய்ச்சல், தையல் இடத்துல நீர் அல்லது சீழ்
• ஒரு கால் ஆடுசதை மட்டும் வீங்கி வலிக்குது
• திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சுவலி (உடனே 108)

30/
பிசியோதெரபிக்குத் தூத்துக்குடி, கோவில்பட்டின்னு பஸ்ஸுல குலுங்கிப் போய் வர முடியலையா? 2021 ஆகஸ்டில் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் பிசியோதெரபி உண்டு. உங்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிவு பண்ணுங்க. நாலு முதல் ஆறு வாரத்தில் முறையான பயிற்சி தொடங்கினவங்களுக்கு வலியும் முடக்கமும் சீக்கிரம் குறையுதுன்னு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவங்க சொல்லியிருக்காங்க.

31/
வீட்டுக்காரங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். "படுத்துக்கோ"ன்னும் சொல்லாதீங்க, "இன்னுமா சரியாகல?"ன்னும் கேக்காதீங்க. "இன்னைக்கு எத்தனை கம்பம்?"னு கேளுங்க.

யாராவது உறவுக்காரர் கட்டில்ல மூணாவது மாசமா கிடந்தாலோ, பத்தாம் நாளே குடத்தோட நின்னாலோ, இந்த இழையை அவங்க வீட்டு வாட்ஸ்அப்புக்கு அனுப்புங்க.